பூச்சி மருந்தும் உடம்பின் சக்தியும்: வயலிலும் உளுந்துக் கிட்டங்கியிலும் கேட்ட கேள்விகள்

பர்மாவில் பெகு பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு உளுந்து வியாபாரம். ரங்கூனில் விலங்கியல் படித்தேன். படித்து முடித்த பிறகும் பாதி நாள் கிட்டங்கிக் கணக்கும் சாக்கு எண்ணிக்கையுமாகவே போனது. இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளை விட்டுப்போக வரும் பெரியவர்கள் வாசலில் நின்று என்னிடம் கேட்பது பாடத்தைப் பற்றி அல்ல. "அக்கா, இந்த மருந்து அடிச்சா இப்படி ஆகுமா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன், பதிலோடு இங்கே தருகிறேன்.

பூச்சி மருந்து நரம்பைத் தாக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். சில மருந்துகள் நரம்பின் பக்கமே போவதில்லை. செல்லுக்குள் சக்தி உண்டாகிற இடத்தில் கை வைக்கின்றன. அந்த இடம் வண்டுக்கும் மீனுக்கும் மாட்டுக்கும் நமக்கும் ஒரே அமைப்புத்தான். இந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு முறிமருந்தும் கிடையாது. இது தெரியாமல் நம் ஆட்கள் அவற்றைக் கையாளுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

செல்லுக்குள் சக்தி எங்கே, எப்படி உண்டாகிறது?

சாப்பிட்ட சோறு சர்க்கரையாகிச் செல்லுக்குள் போகிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய பைகள் இருக்கின்றன. சில செல்களில் நூற்றுக்கணக்கில் இருக்கும், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இதயத் தசைச் செல்லின் இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தப் பைகளே அடைத்துக்கொண்டிருக்கும்.

வயல்காரர்களுக்குத் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வை ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவிலிருந்து கழற்றிய எலக்ட்ரான்கள், அந்தக் கரையில் பதிந்திருக்கும் புரதக் கூட்டங்கள் வழியாகக் கைமாறிப் போகின்றன. மொத்தம் நான்கு கூட்டங்கள். ஒன்றாம், மூன்றாம், நான்காம் கூட்டங்கள் ஏற்றம் மாதிரி: எலக்ட்ரான் கடக்கும்போதெல்லாம் புரோட்டான்களைக் கரைக்கு அந்தப் பக்கம் இறைத்துக் கொட்டும். இரண்டாம் கூட்டம் இறைக்காது. அது எலக்ட்ரானை வேறொரு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கிற பக்க வாய்க்கால். வரிசையின் கடைசியில் நின்று எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன். மூச்சு விடுவதே இதற்காகத்தான்.

இறைத்த புரோட்டான்கள் மேட்டில் தேங்கி நிற்கும். அவை இறங்கி வர ஒரு மடை உண்டு. மடையில் சக்கரம் போலச் சுழலும் ஒரு நொதி இருக்கிறது. அது சுழலச் சுழல ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் உண்டாகிறது. தசை சுருங்குவதும் இதயம் துடிப்பதும் மூளை யோசிப்பதும் ஏ.டி.பி.யைச் செலவழித்துத்தான். 1961இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் இப்படித்தான் நடக்கிறது என்று சொன்னபோது அந்தத் துறையில் பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்காகவே நோபல் பரிசு வாங்கினார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். ஏ.டி.பி.யைக் குதிரில் நெல் கொட்டி வைப்பதுபோலச் சேர்த்து வைக்க முடியாது. ஒரு நாளில் ஏறக்குறைய நம் எடை அளவுக்கு ஏ.டி.பி.யை ஆக்கி, அழித்து, மறுபடி ஆக்குகிறோம். ஆக்குவது நின்றால் இதயமும் மூளையும் நிமிஷக் கணக்கில்தான் தாங்கும்.

எல்லாப் பூச்சி மருந்தும் இந்த இடத்தைத் தாக்குமா?

இல்லை. உரக்கடையில் அதிகம் விற்பவை நரம்பு மருந்துகள்தான். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் மருந்துகளும் கார்போபியூரான் போன்ற கார்பமேட்டுகளும், நரம்புச் செய்தியை அழித்துத் துடைக்கும் ஒரு நொதியை முடக்குகின்றன. சைபர்மெத்ரின் வகை நரம்பின் சோடியம் கதவுகளை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும். இமிடாகுளோபிரிட் நரம்பின் வேறொரு பூட்டில் போய் உட்காரும்.

அப்படியானால் சக்தியைத் தாக்குபவை எவை?

ஏற்றத்தை நிறுத்துபவை, கரையில் ஓட்டை போடுபவை, மடைச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துபவை என்று மூன்று விதம்.

ஏற்றத்தை நிறுத்துபவையே எண்ணிக்கையில் அதிகம். ஒன்றாம் கூட்டத்தை அடைக்கும் பழைய மருந்து ரோட்டினோன், வேரிலிருந்து எடுப்பது. மிளகாயிலும் கத்தரியிலும் சிலந்திப் பேனுக்கு அடிக்கிற பென்பைராக்ஸிமேட், பைரிடாபென், பெனாசாகுயின் எல்லாம் அதே இடத்தைத்தான் அடைக்கின்றன. இலைப்பேனுக்கு அடிக்கும் டோல்பென்பைராடும் அப்படித்தான். சைப்ளுமெட்டோபென் இரண்டாம் கூட்டத்தை அடைக்கும். மூன்றாம் கூட்டத்துக்கு பைபெனசேட்டும், எறும்பு, கரப்பான் இரையில் கலக்கும் ஹைட்ராமெத்தில்நானும் உண்டு. இந்த இரை மெதுவாக வேலை செய்வது வேண்டுமென்றே வைத்த குணம். தின்ற எறும்பு உடனே சாகாமல் புற்றுக்குப் போய் மற்றவற்றுக்கும் ஊட்டிவிடும். நான்காம் கூட்டத்தில் கை வைப்பது கிட்டங்கி மாத்திரையிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு. சயனைடு தாக்குவதும் அதே இடத்தைத்தான்.

கரையில் ஓட்டை போடுவது குளோர்பெனாபைர். முட்டைக்கோஸ் புழுவுக்கு அடிப்பார்கள். ஏற்றம் மூச்சு வாங்க இறைத்துக்கொண்டே இருக்கும், இறைத்ததெல்லாம் ஓட்டை வழியாக வீணே திரும்பிவிடும், சக்கரம் சுழலாது.

சக்கரத்தைப் பிடிப்பவை டயாபென்தியூரானும் புரோபர்கைட்டும். டயாபென்தியூரான் பாட்டிலில் இருக்கும்போது சாதுதான். இலையில் வெயில் பட்டு இன்னொரு பொருளாக மாறிய பிறகுதான் விஷமாகிறது.

ஏற்றம் நின்றுபோனால் இன்னொரு கெடுதலும் உண்டு. முன்னே போக முடியாமல் தேங்கிய எலக்ட்ரான்கள் வழி தவறி ஆக்ஸிஜனோடு சேர்ந்து, எதையும் அரிக்கும் மூலக்கூறுகளாகின்றன. சவ்வையும் புரதத்தையும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபுப் பொருளையும் அவை கெடுத்துவிடும். ஆக, சக்தியும் போகிறது, கருவியும் பழுதாகிறது.

அக்கா, வண்டுக்கும் நமக்கும் ஒரே கருவி என்றால் வண்டு மட்டும் எப்படிச் சாகிறது?

நல்ல கேள்வி. கருவி ஒன்றுதான், ஆனால் மருந்து அங்கே போய்ச் சேரும் வழி வேறு. பூச்சி மிகச் சிறியது, அதன் எடைக்கு அதன் மேல்பரப்பு மிக அதிகம். மேலே பட்டது முழுக்க உள்ளே போய்விடும். பூச்சிக்கு நுரையீரலும் இல்லை. உடம்பின் ஓரத்திலிருக்கும் துளைகளிலிருந்து சிறு குழாய்கள் நேரே ஒவ்வொரு தசைக்கும் காற்றைக் கொண்டுபோகின்றன. வாயு மருந்தும் அதே குழாயில் போய்விடும். பறக்கும் தசையோ சக்தியை ஓயாமல் எரிக்கிற தசை.

நமக்குத் தோல் கொஞ்சம் தடுக்கும், கல்லீரல் கொஞ்சம் உடைத்துப்போடும், உடம்பு பெரிதென்பதால் அளவும் நீர்த்துப்போகும். இந்த மூன்று தடையையும் தாண்டுமளவுக்கு மருந்து உள்ளே போனால் வண்டுக்கும் மனிதருக்கும் வித்தியாசம் இல்லை.

கிட்டங்கியில் வைக்கிற மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். அது மருந்தா, வாயுவா?

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நம் ஆட்கள் அதிகம் தொடுவது இதைத்தான்.

மாசி, பங்குனியில் உளுந்து வந்து இறங்கும். பர்மியர் இதை மத்பே என்பார்கள், ஊரில் பர்மா உளுந்து என்பார்கள். ரங்கூன் பயின்னாங் சந்தைக்குப் போகும்வரையோ கப்பல் ஏறும்வரையோ சாக்கில் அடுக்கி வைக்க வேண்டும். இரண்டு மாதம் சும்மா விட்டால் வண்டு துளைத்துப் பருப்பு மாவாகிவிடும். இங்கே இன்னும் வீசைக் கணக்குதான். பத்து வீசையில் ஒரு வீசை பொக்கானாலும் வியாபாரி கை கடித்துவிடும். அதனால்தான் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறோம்.

மாத்திரை சாம்பல் நிறத்தில், தடித்த பொத்தான் மாதிரி இருக்கும். வழக்கமான ஒரு மாத்திரை 3 கிராம் எடை. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் மெல்ல உதிர ஆரம்பித்து, 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விட்டுவிட்டு அடுப்புச் சாம்பல் போன்ற பொடியாகிவிடும். நம்மூர் மழைக்கால ஈரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். ஆக, மாத்திரை என்பது வாயுவை அடைத்து வைத்த டப்பா மாதிரிதான்.

சுத்தமான பாஸ்பீனுக்கு வாசனை கிடையாது. கடை மாத்திரையில் பூண்டு போலவும் அழுகிய மீன் போலவும் நாற்றம் வருவது அதிலுள்ள கலப்பால்தான். ஙப்பி என்ற மீன் விழுது மணக்கும் ஊரில் அந்த நாற்றத்தை யார் கவனிப்பது? வேலையிடத்தில் நாள் முழுக்க இருக்கலாம் என்று பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு. அந்த அளவை மூக்கு பல நேரம் கண்டுபிடிக்காது. நாற்றம் வரும்போது வரம்பு ஏற்கெனவே தாண்டியிருக்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கிட்டங்கிக் காவல்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கிட்டங்கியை ஒட்டிய பலகைத் தாழ்வாரத்தில் படுப்பார். மாத்திரை வைத்த அன்று கதவு இடுக்கையெல்லாம் அரிசிக் கஞ்சி தடவிய காகிதத்தால் ஒட்டியாகிவிட்டது. தாழ்வாரத்துப் பக்கச் சுவரில் இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழையும் சந்து இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. விடியற்காலை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நெஞ்சு அடைக்கிறது என்றார். ராத்திரி சாராயம் அதிகம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் குடிக்கவே இல்லை. மாத்திரையைக் கடைக்காரர் டப்பாவிலிருந்து எண்ணி எடுத்து, பழைய செய்தித்தாளில் மடித்துத்தான் கொடுத்திருந்தார். எச்சரிக்கை எழுதிய டப்பா எங்கள் கண்ணிலேயே படவில்லை. மாமா பிழைத்துக்கொண்டார். நான் விலங்கியல் படிக்கப் போனதற்கு அந்த விடியற்காலையும் ஒரு காரணம்.

அந்த வாயு உடம்புக்குள் என்ன செய்கிறது?

பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் சோதித்தால் நான்காம் கூட்டத்தை, அதாவது ஆக்ஸிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிற கடைசி ஏற்றத்தைத் தடுக்கிறது. உயிரோடிருக்கும் விலங்கில் இதோடு ஆக்ஸிஜன் அரிப்பும் சேர்ந்துகொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா நிறைந்த இதயம்தான் முதலில் தள்ளாடும்: ரத்த அழுத்தம் இறங்கும், துடிப்பு ஒழுங்கு தவறும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளவும் கூடும்.

ஒரு விசித்திரம் பாருங்கள். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் பாஸ்பீன் பூச்சியைக் கொல்வதில்லை. சுறுசுறுப்பாக மூச்சு விடும் வண்டுதான் சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் மெதுவாக மூச்சு விடுவதால் தாக்குப்பிடிக்கும். இரண்டு நாளில் திறந்துவிடாமல் பல நாள் மூடி வைக்கச் சொல்வது இதனால்தான். அவசரப்பட்டுத் திறந்தால் பெரிய வண்டு செத்துக் கிடக்கும், முட்டை பிழைத்து ஒரு மாதத்தில் மறுபடி வண்டாகும். மிச்சம் பிழைத்தவை மருந்துக்கு அசையாத சந்ததியாகும். அப்படி அசையாத வண்டுகளில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் பாதையில் உள்ள ஒரு நொதியின் மரபணுதான் அது.

குளோர்பெனாபைர் குடித்தவர் நாலு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், அப்புறம் திடீரென்று போய்விட்டார் என்றார்களே. உண்மையா?

உண்மை. இந்த மருந்தின் கொடுமையே அதுதான்.

குளோர்பெனாபைர் உள்ளே போகும்போது முழு விஷம் அல்ல. உடம்பின் நொதிகள் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்த பிறகுதான் கரையில் ஓட்டை போடும் பொருளாகிறது. அதனால் முதல் நாள் கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் தெரியும். ஆள் தெளிவாகப் பேசுவார். "வீட்டுக்குப் போகலாம்" என்பார். பிறகு வியர்வை கொட்டும், காய்ச்சல் ஏறும், குழப்பம் வரும். சிலருக்கு ஐந்தாறு நாள் கழித்து, சிலருக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட.

காய்ச்சல் ஏன் வருகிறது? ஏற்றம் இறைத்த சக்தி ஏ.டி.பி. ஆகாமல் சூடாகவே வெளியேறுகிறது. இந்தச் சூடு நமக்குப் புதிது அல்ல. பச்சைக் குழந்தையின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பு, குளிருக்கு இதே வழியில் கரையை அளவாகத் திறந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது. குழந்தையின் உடம்பு அளவறிந்து திறந்து மூடும். மருந்துக்கு மூடத் தெரியாது. பாராசிட்டமால் கொடுத்தும் காய்ச்சல் இறங்காததன் காரணமும் இதுதான். பாராசிட்டமால் மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் வேலை செய்கிறது, இங்கே சூடு ஒவ்வொரு செல்லிலிருந்தும் வருகிறது. 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்ற பொருளை உடம்பு இளைக்க மாத்திரையாக விற்றார்கள். அதுவும் கரையை ஓட்டையாக்குவதுதான். கண் போனவர்களும் காய்ச்சலில் இறந்தவர்களும் உண்டு. 1938இல் நிறுத்தினார்கள்.

குளோர்பெனாபைர் வாய்க்குள் போனது என்று தெரிந்தால், ஆள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நன்றாக இருக்கிறாரே என்று மறுநாளே வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது. கோபத்தில், வீட்டாரைப் பயமுறுத்த என்று ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த நிமிஷமே வருந்துகிறவர்கள் நிறைய. அவர்களுக்குத் திரும்பி வர வழி தராத மருந்து இது. வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கிறார் என்று பட்டால் மருந்தை அன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், தனியே விடாதீர்கள்.

கொசுவலையிலும் குளோர்பெனாபைர் இருக்கிறதாமே?

இருக்கிறது. பழைய வலை மருந்துக்குக் கொசு அசையாமல் போனதால், அதோடு குளோர்பெனாபைரும் சேர்த்த வலைகளை 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வலையில் இருக்கும் அளவு மிகக் குறைவு, நூலோடு ஒட்டியும் இருக்கும். தூங்குபவருக்குப் பயம் இல்லை. வலையைக் குளத்திலோ ஓடையிலோ அலசாமலும் மீன் பிடிக்க எடுக்காமலும் இருந்தால் சரி.

வேரை இடித்து மீன் பிடிப்பது இயற்கைதானே? அதில் என்ன கெடுதல்?

டெர்ரிஸ் என்ற கொடியின் வேர் பர்மா, மலாயா, போர்னியோ காடுகளில் உண்டு. மலாயாக்காரர்கள் தூபா என்பார்கள். வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்தால் பால் போலக் கலங்கும், கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். வேரிலிருக்கும் ரோட்டினோன்தான் காரணம். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்கிறது, மீன் அதை இழுக்கவும் செய்கிறது. ஆனால் செல்லில் ஒன்றாம் ஏற்றம் நின்றுபோனதால் அந்த ஆக்ஸிஜன் பயன்படுவதில்லை. மூச்சிருந்தும் மூச்சுத் திணறல்.

அந்த மீனைத் தின்றவர்கள் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. ரோட்டினோன் நம் குடலில் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சியதைக் கல்லீரல் உடைக்கிறது. மீனுக்கோ செவுள் வழியாக நேரே ரத்தத்தில் கலந்துவிடும். வேரிலிருந்து வந்தது என்பதால் தோட்டக்காரர்கள் பல காலம் இதைத் தீங்கில்லாத மருந்தாக எண்ணினார்கள். இப்போது ஐரோப்பாவில் பயிருக்கு அனுமதி இல்லை. அமெரிக்காவில் வேண்டாத மீனை அழிக்க மட்டும் வைத்திருக்கிறார்கள். இயற்கை என்ற சொல்லை நான் மருந்து விஷயத்தில் நம்புவதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

நடுக்குவாதத்துக்கும் (பார்க்கின்சன் நோய்) இதற்கும் தொடர்பு உண்டா? என் மாமனாருக்குக் கை நடுக்கம்.

உங்கள் மாமனாருக்கு எதனால் வந்தது என்று நான் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்வது கஷ்டம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1982இல் கலிபோர்னியாவில், போதைக்காகச் செயற்கை ஹெராயின் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் திடீரென்று அசைய முடியாமல் உறைந்துபோனார்கள். வயதானவர்களுக்கு வரும் நடுக்குவாதம் அப்படியே அவர்களிடம் இருந்தது. ஊசி மருந்தில் தவறிக் கலந்த ஒரு பொருள், மூளையில் டோபமைன் என்ற செய்திப் பொருளைச் சுரக்கும் செல்களுக்குள் போய் ஒன்றாம் கூட்டத்தை அடைத்திருந்தது. ரோட்டினோன் அடைக்கிற அதே கூட்டம். 2000இல் எலிகளுக்கு ரோட்டினோனைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். மூளை முழுக்க ஒன்றாம் கூட்டம் குறைந்தும், செத்தவை முக்கியமாக டோபமைன் செல்கள். 2011இல் அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் செய்த ஓர் ஆய்வில், ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்கு நடுக்குவாதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் என்று வந்தது. பாரகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் அப்படியே வந்தது. தொடர்பு தெரிகிறது என்பது வேறு, இதனால்தான் வந்தது என்பது வேறு. ஆனாலும் வருஷக்கணக்கில் கையுறை இல்லாமல் மருந்து கலக்குகிறவருக்கு இது போதுமான எச்சரிக்கை என்பேன்.

நரம்பு மருந்துகள் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடவே தொடாதா?

தொடும். பாஸ்பரஸ் மருந்துகளும் சைபர்மெத்ரின் வகையும் ஒன்றாம் கூட்டத்தின் வேகத்தைக் குறைப்பதை எலியின் கல்லீரலிலும் மூளையிலும் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். தேனீயிலும் இதே போன்ற சோதனைகள் உண்டு. ஆனால் பாஸ்பரஸ் மருந்தில் ஆள் சாவது முதலில் மூச்சுத் தசையும் மூச்சுக் குழாயும் முடங்குவதால். அதோடு, துடித்துக்கொண்டே இருக்கும் தசை ஏ.டி.பி.யைக் கரைத்துவிடும். சக்திக் குறைவு அங்கே பின்னால் வருகிற கேடு.

மருந்து அடித்த அன்று சாயங்காலம் ஒரே அசதி. செல்லில் சக்தி குறைந்துவிட்டதா?

அசதியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாதி நேரம் அது வெயிலும் தண்ணீர் குடிக்காததும்தான். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சிலும் கண்ணீரும் வழிந்து, தசை துடித்தால் பாஸ்பரஸ் அல்லது கார்பமேட் மருந்து என்று சந்தேகப்படலாம். அதற்கு ஆஸ்பத்திரியில் அட்ரோபின் என்ற முறிமருந்து இருக்கிறது. உடம்பு அனலாய்க் கொதித்து வியர்த்துக் கொட்டினால் ஓட்டை போடும் மருந்தா என்று பாருங்கள். சளி, இருமல் எதுவும் இல்லாமல் மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் அதுவும் ஓர் அடையாளம்: ஏற்றம் நின்ற செல், ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை அரைகுறையாக உடைக்க ஆரம்பிக்கும். முழுதாக எரித்தால் ஒரு சர்க்கரைக்கு ஏறக்குறைய 30 ஏ.டி.பி. கிடைக்கும், இப்படி உடைத்தால் 2 மட்டுமே. மிச்சமெல்லாம் லாக்டிக் அமிலமாகி ரத்தம் புளித்துப்போகும். அந்தப் புளிப்பைக் குறைக்கத்தான் மூச்சு வாங்குகிறது.

பால், புளிக்கரைசல், இளநீர் கொடுத்தால் விஷம் முறியுமா?

முறியாது. எண்ணெயில் கரையும் மருந்துகளைப் பாலின் கொழுப்பு இன்னும் எளிதாக உள்ளே அனுப்பவும் கூடும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை விழுங்கியவர் எடுக்கும் வாந்தியிலிருந்தே பாஸ்பீன் வரும், அதனால் சன்னலைத் திறந்து வையுங்கள். வண்டியிலும் கண்ணாடியை இறக்கி விடுங்கள்.

வீட்டுப் பூனைக்கும் வாய்க்கால் மீனுக்கும்?

சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மாட்டுக்கும் நாய்க்கும் அளவாகப் போட்டால் தாங்கும். பூனையின் கல்லீரல் அதை உடைக்கத் திணறும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். மீனுக்கு அந்த வகையும் ஆகாது, சிலந்திப் பேன் மருந்துகளில் பலவும் ஆகாது. தெளிப்பானை வாய்க்காலில் கழுவினால் அடுத்த வயல் கெண்டை மிதக்கும்.

மருந்து பாட்டிலில் ஒட்டிய சீட்டு தாய்லாந்து எழுத்திலும் சீன எழுத்திலும் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

எல்லை தாண்டி வரும் பாட்டில்களில் பர்மிய எழுத்தே இருப்பதில்லை, தமிழுக்கு எங்கே போவது? எண்ணைத் தேடுங்கள். மருந்து வேலை செய்யும் விதத்தை வைத்து உலகம் முழுக்கப் பொதுவான வகை எண் கொடுத்திருக்கிறார்கள், பல சீட்டுகளில் அது அச்சாகியிருக்கும். 1, 3, 4 என்றால் நரம்பு. 12, 13, 20, 21, 24, 25 என்றால் சக்தி. 13 ஓட்டை போடும் வகை, 24 வாயு மாத்திரை. சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீர் பாட்டிலில் மாற்றி ஊற்றாதீர்கள், சீட்டும் போய்விடும், குழந்தையும் குடித்துவிடும்.

ஒரே எண்ணை வருஷம் முழுக்க அடிப்பதும் வீண். பைபெனசேட்டுக்கு அசையாத சிலந்திப் பேனை ஆராய்ந்தபோது, மாற்றம் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபுப் பொருளில் இருந்தது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும், அந்த எதிர்ப்பும் தாய் வழியாகவே பரவியது.

மாத்திரை வைத்த உளுந்தில் இட்லி சுடலாமா?

சுடலாம். வாயு காற்றாடப் போய்விடும். நெல், கோதுமை மாதிரித் தானியங்களில் மிஞ்சலாம் என்று உலக அளவில் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். மாத்திரைச் சாம்பல் பருப்போடு கலக்காமல் இருப்பதுதான் முக்கியம். அதனால் மாத்திரையைச் சாக்குக்குள் எறியாமல், தட்டில் பரப்பி அடுக்குக்கு இடையே வையுங்கள்.

இந்த வருஷம் எங்கள் கிட்டங்கியில் வைக்கப்போகிறோம். என்ன செய்ய வேண்டும்?

முகமூடியும் வாயு அளக்கும் கருவியும் வைத்திருக்கும் பயிற்சி பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். துணியை மூக்கில் கட்டினால் வாயு நிற்காது. வீட்டோடு ஒட்டிய அறையில் வைக்கவே வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் படுக்கை அறையில் மாத்திரை வைத்துக் குழந்தைகள் இறந்த செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. அடுக்கின் மேல் தார்ப்பாயைப் போட்டு, ஓரத்தில் மணல் மூட்டை வையுங்கள். முதல் நாளே, பகலில் உள்ளே ஆள் நின்று கதவைச் சாத்தி, எங்கெல்லாம் வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள். வெளிச்சம் வரும் சந்து வாயுவுக்கும் வழி. நாங்கள் அப்படிப் பார்த்தபோது, மாமா படுத்த பக்கத்தில் மட்டும் பதினோரு சந்து இருந்தது. அடைத்தோம். இப்போது மருந்து வைத்த ராத்திரியிலிருந்து, திறந்து காற்றாடி, கருவியில் பார்த்து முடிகிற வரைக்கும் எங்கள் காவல்காரர் எதிர்ச்சாரி டீக்கடை மாடியில்தான் படுக்கிறார்.